இர்மா பினேதாவின் இரண்டு பக்கங்கள்

மெக்சிகோக் கவிஞர் இர்மா பினேதாவின் கவிதைத் தொகுப்புகளில் ஒரு பக்கம் சபோதெக் என்ற பூர்வகுடி மொழி, எதிர்ப்பக்கம் ஸ்பானிஷ். இரண்டையும் எழுதியவர் அவரே. புத்தகத்தைக் கையில் எடுக்கும் வெளியூர் வாசகர் பெரும்பாலும் சபோதெக் பக்கத்தை ஓர் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடுகிறார். ஸ்பானிஷ் பக்கத்தை வாசித்துவிட்டு ‘படித்தாயிற்று’ என்று மூடிவைக்கிறார். அப்படிப் படித்தால் பாதிப் பினேதாகூடக் கைக்கு வராது என்பது என் கட்சி. சபோதெக் ஒரு சொல்லும் அறியாதவர்கூட அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை நிறைய உண்டு. சில இடங்களில், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவருக்கு அது சுலபமும்கூட.

முதலில் ஆளைப் பற்றி. தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், நாட்டின் இடுப்பு குறுகும் தெவாந்தெபெக் பூசந்தியில், பசிபிக் பக்கமாக இருக்கிறது ஹுச்சித்தான் நகரம். காற்று ஓயாத ஊர், பக்கத்திலேயே கடற்கழி. பினேதா அங்கே 1974-இல் பிறந்தவர். அதே காலத்தில்தான் விவசாயிகள், தொழிலாளர்கள், மாணவர்கள் சேர்ந்து கோசேய் என்ற அமைப்பை அங்கே கட்டினார்கள். பறிபோன பொது நிலங்களை மீட்பது அதன் முதல் வேலை. பினேதாவின் அப்பா வீக்தோர் பினேதா எனெஸ்த்ரோசா அந்த இயக்கத்தின் முன்னணி ஆட்களில் ஒருவர், ஆசிரியர். ஊருக்கு அவர் வீக்தோர் யோதோ. 1978 ஜூலை 11 அன்று அவரை ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது.

மெக்சிகோவில் ‘அழுக்குப் போர்’ என்று சொல்லப்படும் காலம் அது. ஆளைத் தூக்கிப்போவதும், தூக்கவே இல்லை என்று அரசு சாதிப்பதும் அன்றைய வழக்கம். பிறகு வந்த காலமும் மேலாக இல்லை. பதிவேட்டில் காணாமல்போனோர் எண்ணிக்கை 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதைச் சொல்லக் காரணம், பினேதாவின் கவிதையை ஒரு மகளின் புலம்பலாக மட்டும் வாசிக்கும் பழக்கம் இருப்பதுதான். அந்த இழப்பை அவர் முதல் புத்தகத்திலேயே கொட்டிவிடவில்லை. இரவு, கடல், வெளியூர் போனவர்கள், பிறப்பு, சாவு என்று பல புத்தகங்களைக் கடந்த பிறகே, 2013-இல் வந்த ‘கியே’ நி சினெபே’ தொகுப்பில் ராணுவம் பூர்வகுடி ஊர்களுக்குள் நுழைந்து செய்வதையும் ஆள் தூக்குதலையும் நேருக்கு நேர் எடுக்கிறார். அங்கேயும் பேசுவது தனி வீட்டின் துக்கம் மட்டுமல்ல, ஊரின் துக்கம்.

அந்தத் தலைப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ‘கியே’’ என்றால் பூ. ‘நி’ என்பது எச்சத்தைப் போல இணைக்கும் சொல். ‘சினெபே’ என்பதில் கூடவே கொண்டுபோவதைக் குறிக்கும் வினையும், கடைசியில் ‘பே’ என்ற ஒட்டும் இருக்கின்றன. அந்த ‘பே’ செய்தவர் ஒரு மனிதர் என்று சொல்லும். ஆணா பெண்ணா என்று சொல்லாது. இந்த சபோதெக்கில் படர்க்கைக்கு மனிதருக்கு ஓர் ஒட்டு, விலங்குக்கு ‘மே’, பொருளுக்கு ‘நி’ (இணைக்கும் ‘நி’ வேறு). ஆக, பூவைக் கொண்டுபோனது காற்றல்ல, வெள்ளமல்ல, மனிதர் என்பது தலைப்பிலேயே பதிந்திருக்கிறது. ஸ்பானிஷ் தலைப்பில் வினை எழுவாயே இல்லாமல் நிற்கிறது. கொண்டுபோனது அவனாக, அவளாக, அதுவாக யாராகவும் இருக்கலாம். ஸ்பானிஷ் வாசகருக்கு அது ஒரு மென்மையான மர்மம். சபோதெக் வாசகருக்கு அது குற்றச்சாட்டுக்கு ஒரு படி கிட்டே. தமிழில் ‘கொண்டுபோன பூ’ என்றால் எழுவாய் இல்லாமலே ஒழுங்காக நிற்கும், ஆனால் அந்த ‘மனிதர்’ என்ற அடையாளம் விழுந்துபோகும். இப்படித்தான் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கணக்கு தீர்த்துக்கொள்கின்றன. பினேதா இவற்றைக் கண்ணாடிக் கவிதைகள் என்ற பொருளில் பேசுகிறார். இதில் எது மூலம், எது பெயர்ப்பு என்று கேட்பது வீண்.

அவர் நிற்கும் மரபைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெக்சிகோ நகரத்துக்குப் படிக்கப்போன ஹுச்சித்தான் மாணவர்கள் 1935-இல் ‘நேசா’ (பாதை) என்ற இதழைத் தொடங்கினார்கள். அந்திரேஸ் எனெஸ்த்ரோசா அதன் முக்கிய ஆள். 1972-இல் ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவின் முயற்சியில் ஊரில் பண்பாட்டு இல்லம் வந்தது. 1975-இலிருந்து ‘குச்சாச்சி’ ரேசா’ (கீறிய இகுவானா) இதழ். கவிஞரும் ஆய்வாளருமான வீக்தோர் தெ லா குரூஸ் அதன் தூண். 1981-இல் கோசேய் நகராட்சித் தேர்தலில் வென்றது. சபோதெக் மொழியில் ஒலிபரப்பும் வானொலி வந்தது. 1983-இல் அந்த நகராட்சி ஆட்சி கலைக்கப்பட்டது. அரசியலும் இலக்கியமும் இந்த ஊரில் ஒரே திண்ணையில் வளர்ந்தவை. வீக்தோர் தெரான் (1958), நதாலியா தொலேதோ (1967) ஆகியோர் பினேதாவுக்கு மூத்தவர்கள். நதாலியா தொலேதோவுக்கு 2004-இல் பூர்வகுடி மொழி இலக்கியத்துக்கான நெசவால்கோயோத்ல் பரிசு கிடைத்தது.

இவர்கள் எழுதும் மொழிக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் தீஜசா, மக்கள் பின்னிசா. வெளியார் ‘சபோதெக்’ என்று ஒற்றைப் பெயரில் சொல்வதை மெக்சிகோவின் மொழி நிறுவனம் 62 வகைகளாகப் பட்டியலிடுகிறது. 2020 கணக்கெடுப்பில் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 4,90,000 பேர் பேசுகிறார்கள். ஒரு மலையூர் சபோதெக்காரருக்கு ஹுச்சித்தான் கவிதையை வாசித்துக் காட்டினால் அவர் புரியாமல் விழிக்கலாம். ‘சபோதெக் கவிஞர்’ என்ற அடைமொழியைப் போடும்போது பூசந்தி சபோதெக் என்று சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இனி எழுத்துக்கு வருவோம். புத்தகம் உண்மையில் பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

பூசந்தி சபோதெக்குக்கு இன்று புழங்கும் எழுத்துமுறை 1956-இல் மெக்சிகோ நகரில் கூடிப் பேசி முடிவானது. ஸ்பானிஷ் தட்டச்சுப்பொறியில் அடிக்கக்கூடிய எழுத்துகளையே வைத்துக்கொண்டார்கள். அதனால் செலவு குறைந்தது, பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவர் சீக்கிரம் வாசிக்கவும் முடிந்தது. ஆனால் மொழியில் இருப்பதெல்லாம் அதில் ஏறவில்லை. உயிரெழுத்துகளை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாக ஒலிப்பது ஒன்று. தொண்டையைச் சட்டென அடைத்து வெட்டுவது இரண்டாவது; அதற்கு உயிருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி. தொண்டை கரகரத்து உடைந்து வருவது மூன்றாவது. அதற்கு உயிரை இரண்டு முறை எழுதுவார்கள். அது நெடில் அல்ல, நாம் நெடிலாகப் படித்துவிடுவோம். இவற்றோடு குரலின் ஏற்ற இறக்கத்தில் தாழ்ந்த, உயர்ந்த, ஏறும் என மூன்று தொனிகள். தொனிக்கு எழுத்தில் குறியே இல்லை. சூழலை வைத்து வாசகரே பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சில் ஊறியவருக்கு இது தடையில்லை. மொழியைப் பாதி இழந்த இளையவருக்கு அச்சிட்ட கவிதை சில இடங்களில் தடுக்கும்.

அந்த ஒற்றைக் குறியின் கனம் தெரிய ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘கியே’ என்று குறி இல்லாமல் எழுதினால் கல். குறியோடு எழுதினால் பூ. மேலே சொன்ன 2013 தொகுப்பின் அட்டையில் அச்சகத்தார் அந்தக் குறியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டால், கொண்டுபோனது கல்லாகிவிடும்.

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. சபோதெக் நூலைப் பக்கம் கட்டும்போது தவறு நடக்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். ஸ்பானிஷ் சொல்திருத்தியை அணைக்க மறந்தால் அது தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். பினேதாவின் 2007 தொகுப்பின் (அதைப் பற்றிப் பிறகு) தலைப்பில் இரண்டு முறை வரும் ‘ரியே’ (போகிறது) என்ற வினையில் அழுத்தக்குறி கடைசி உயிரின் மேல் இருக்க வேண்டும். ஸ்பானிஷ் பழகிய கை அதை முந்தைய உயிரின் மேல் நகர்த்தினால் அது ஸ்பானிஷில் ‘சிரிக்கிறது’ ஆகிவிடும். ஏக்கத்தைப் பற்றிய புத்தகத்தின் அட்டையில் இப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரட்டை உயிரைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணி ஒன்றை நீக்குவது இன்னொரு வழக்கமான கைங்கரியம். சொல்லை வரி முடிவில் வெட்டும் தானியங்கி வசதி ஸ்பானிஷ் விதிப்படி வெட்டும். ஒரே ஒலியைக் குறிக்கும் ஈரெழுத்துச் சேர்க்கைகளைப் பிளந்துபோடும், அல்லது மேற்கோள் குறியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். கவிதைக்கு அந்த வசதியே வேண்டாம். அடி நீண்டால் மடித்து உள்தள்ளுவதே சரி.

ஒருங்குறியில் (யூனிகோட்) இந்த ஒற்றை மேற்கோள் குறிபோலத் தோன்றும் எழுத்துருக்கள் மூன்று தனித்தனி எண்களில் உள்ளன: விசைப்பலகையின் நேர்க்குறி, வளைந்த முடிவு மேற்கோள், எழுத்தாகவே கருதப்படும் மூன்றாவது ஒன்று. கண்ணுக்குக் கடைசி இரண்டும் ஒன்றே. கணினிக்கு மூன்றும் வேறு. ஒரே கோப்பில் மூன்றும் கலந்திருந்தால் தேடலில் பாதிச் சொற்கள் கிடைக்காது. முதல் இரண்டில் சில மென்பொருள்கள் சொல் அங்கேயே முடிந்தது என்று முடிவுகட்டும். எதையாவது ஒன்றைத் தேர்ந்து, தொடக்கத்திலேயே கோப்பு முழுக்க மாற்றிவிட வேண்டும். பேச்சை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்கக் கூடாது. குறியில் முடியும் சொல்லோடு மேற்கோளின் முடிவுக்குறியும் ஒட்டி இரண்டு நிற்கும். இந்தக் கட்டுரையிலேயே அந்த விகாரத்தைக் காணலாம். கோண மேற்கோள் போட்டால் தொல்லை இல்லை.

கவிதைக்குள் போவோம். 2005-இல் வந்த தொகுப்பு ‘ந்தானி’ கேலா’’. ஸ்பானிஷில் ‘இரவின் வயிற்றில்’ என்ற பொருளில் தலைப்பு. விமர்சகர்கள் இந்த மாதிரித் தலைப்பைப் பார்த்ததும் பூர்வகுடிகளின் உருவகச் செழுமை என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். ‘ந்தானி’’ என்றால் வயிறுதான். ஆனால் அதுவே ‘உள்ளே’ என்பதற்கான அன்றாடச் சொல்லும்கூட. பானைக்குள், வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் அதுதான். முகம் என்ற சொல் ‘மேல், முன்’ என்ற வேலையையும், முதுகு ‘பின்னால்’ என்ற வேலையையும் செய்யும். ஆக, சபோதெக் பக்கத்தில் ‘இரவுக்குள்’ என்று சாதாரணமாகவும் படிக்கலாம், ‘இரவின் வயிற்றில்’ என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே தொடர். ஸ்பானிஷ் பக்கத்தில் கவிஞர் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். வயிற்றைத் தேர்ந்தார். அதனால் அங்கே உருவகத்தின் வெளிச்சம் கூடிவிடுகிறது. உடலுறுப்புச் சொல் வரும் இடமெல்லாம் கற்பனை என்று கொண்டாடும் முன், அது வெறும் வேற்றுமை உருபாக வந்திருக்கிறதா என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சில இடங்களில் கவிஞர் வேண்டுமென்றே இரண்டுக்கும் நடுவில் நிற்பார். அதைத் தமிழில் கொண்டுவருவது கஷ்டம்தான்.

2008 தொகுப்பின் தலைப்பு ‘தோ யோ நே கா’ பியா’’. ஹுச்சித்தானில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை மண்பானையில் இட்டு வீட்டு முற்றத்தில் புதைப்பார்கள். ‘தோ யோ’ என்பது சொல்லுக்குச் சொல் ‘வீட்டுக் கயிறு’. கொடி புதைந்த இடமே ஒருவருக்கு ஊர். ‘கா’ பியா’’ ஒன்பது அளவு, ஸ்பானிஷில் ஒன்பது சாண். குழியின் ஆழம் அது. சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று நம் கணக்கில் வைத்தால் ஆறே முக்கால் அடி. நம் ‘ஆறடி நில’த்துக்குக் கொஞ்சம் கூட. தொப்புள்கொடிக்கும் சாவுக்குழிக்கும் நடுவில் உள்ளதுதான் புத்தகம். அடிக்குறிப்பில்லாமல் இந்தத் தலைப்பை நேரடியாக உணரக்கூடிய வாசகர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. தமிழர் அதில் உண்டு.

என் கணக்கில் பினேதாவின் ஆகச் சிறந்த புத்தகம் 2007-இல் வந்த ‘ஷிலாசே கி ரியே தி’ சிகாசி ரியே நிசா கீகு’’. ‘ஏக்கம் போவதில்லை, ஆற்றுநீர் போவதுபோல’ என்பது கிட்டத்தட்ட அதன் பொருள். ஸ்பானிஷ் தலைப்பில் போகும் வினை ஒரு முறைதான். சபோதெக்கில் அது இரண்டு முறை வருகிறது: முதலில் மறுத்து, பிறகு ஒப்புக்கொண்டு. புத்தகம் இரண்டு குரல்களில் அமைந்தது. ஊரை விட்டு வடக்கே, அமெரிக்காவுக்கு உழைக்கப் போனவர் ஒருவர். ஊரிலேயே தங்கியவர் ஒருவர். இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். வஹாக்காவிலிருந்து இப்படிப் போவது ஊர்தோறும் நடப்பது. போனவர் குடியேற்ற ஆவணமில்லாமல் இருப்பவர் என்றால் நினைத்தபோது திரும்பவும் முடியாது.

இந்தப் புத்தகத்தில்தான் இரு மொழி இலக்கணமும் நேருக்கு நேர் மோதுகின்றன. சபோதெக்கில் பெயரடைக்குப் பால் இல்லை, படர்க்கைக்குப் பால் இல்லை. ஸ்பானிஷிலோ ‘களைத்திருக்கிறேன்’ என்று சொல்ல வாய் திறந்தாலே ஆணா பெண்ணா என்பது வெளிப்பட்டுவிடும். போனவர் ஆண், காத்திருப்பவர் பெண் என்று வாசகர் மனத்தில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பானிஷ் இலக்கணம் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும். சபோதெக் கொடுக்காது. தமிழிலும் தன்மைக்குப் பால் இல்லை; ‘களைத்துப்போனேன்’ என்று யாரும் சொல்லலாம். நல்ல வாய்ப்பு. ஆனால் தமிழில் வேறொரு குழி உண்டு. ஒரு குரல் மற்றதை ‘நீ’ என்றும், மற்றது இதை ‘நீங்கள்’ என்றும் அழைத்தால், யார் புருஷன் யார் பெண்டாட்டி என்பதை நம் வாசகர் அடுத்த நொடியே முடிவுசெய்துவிடுவார். இரண்டு குரலுக்கும் ‘நீ’யே போட வேண்டும். பதிப்பாசிரியர் மரியாதை கருதித் திருத்த வந்தால் விடக் கூடாது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. சபோதெக்கில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரைச் சேர்த்துச் சொல்வது ‘லானு’, விலக்கிச் சொல்வது ‘லாது’. வினையோடு ஒட்டும்போது ‘னு’, ‘து’. அதாவது நம் ‘நாம்’, ‘நாங்கள்’. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆங்கிலத்திலும் ஒரே சொல். ஊரில் இருப்பவர் வடக்கே போனவரிடம் பேசும்போது ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்கிறாரா, ‘நாம் இங்கே இருந்தவர்கள்’ என்கிறாரா என்பதில்தான் அந்தப் புத்தகத்தின் உறவே அடங்கியிருக்கிறது. போனவர் இன்னும் கூட்டத்துக்குள் இருக்கிறாரா இல்லையா என்பதை அந்த ஓர் ஒட்டு தீர்மானிக்கும். ராணுவத்தைப் பற்றிய கவிதைகளிலும் இதே கேள்வி: ‘எங்கள் ஊர்’ என்பதா, ‘நம் ஊர்’ என்பதா. ஸ்பானிஷையோ ஆங்கிலத்தையோ வைத்துத் தமிழாக்கும்போது ஊகித்துப் போட்டால் பாதி இடத்தில் தவறும். சபோதெக் பக்கத்தில் அதே அடியைக் கண்டுபிடித்து, வினையின் கடைசியில் எது இருக்கிறது என்று பார்த்தால் போதும். மொழி தெரியாதவராலும் முடியும்.

ஓசையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். சபோதெக் வாக்கியம் வினையில் தொடங்கும். வினையும் முன்னொட்டில் தொடங்கும். நடந்துகொண்டிருப்பதற்கு ‘கா’, முடிந்ததற்கு ‘பி’ அல்லது ‘கு’, வரப்போவதற்கு ‘சா’, வழக்கமாக நடப்பதற்கு ‘ரி’ அல்லது ‘ரு’. ஒரே காலத்தில் நாலு அடி அடுக்கினால் நாலு அடியும் ஒரே அசையில் தொடங்கும்: தானாக அமையும் மோனை. ஸ்பானிஷில் காலம் வினையின் வாலில் இருக்கிறது. தமிழில் வினையே வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. அங்கே தலையில் ஒலித்தது இங்கே இயைபாகக் கடைசிக்குப் போய்விடும். அதை வலிந்து தலைக்கு ஏற்றப் பார்த்தால் தமிழ் நொண்டும். இயைபாகவே விட்டுவிட்டு, அடியின் நீளத்தைக் குறைப்பது மேல் என்று நினைக்கிறேன். அடுக்கிச் சொல்லும் இந்தப் பழக்கம் பினேதா கண்டுபிடித்ததல்ல; சபோதெக் திருமணங்களில் பெரியவர் நின்று சொல்லும் ‘லிபானா’ என்ற சடங்குரையில் ஒரே கருத்து இரண்டிரண்டு தொடராக வரும். அந்தக் காதுக்குப் பழகியவர்களுக்காக எழுதப்பட்ட கவிதை இது.

காது என்று சொன்னதில் காரியம் இருக்கிறது. ஹுச்சித்தானில் சபோதெக் பேசுகிறவர்களில் பலர் அதை வாசிக்கப் படித்ததில்லை. எழுத்து கற்ற பள்ளியின் மொழி ஸ்பானிஷ். சபோதெக் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட தலைமுறைகள் உண்டு. ஆக, அச்சிட்ட சபோதெக் பக்கத்தை யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பகுதி அதைக் கேட்டுத்தான் அறிய முடியும். கூட்டத்தில் வாசித்துச் சேர்ப்பது இங்கே புத்தகம் விற்கும் உத்தியல்ல, கவிதை போய்ச் சேரும் முதன்மை வழி. அச்சில் இல்லாத தொனி, வாசிக்கும்போதுதான் திரும்பக் கிடைக்கிறது. பினேதா வாசிக்கும் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், மேற்கோள் குறி வரும் இடத்தில் குரல் வெட்டுப்படுவதைக் காதாலேயே பிடிக்கலாம்.

ஸ்பானிஷ் பக்கம் எப்போதும் கூடவே இருப்பதற்குக் கலைக்காரணம் மட்டுமல்ல, காசுக்காரணமும் உண்டு. மெக்சிகோவில் பூர்வகுடி மொழிக் கவிஞர் ஒருவர் பரிசுக்கோ நல்கைக்கோ பதிப்புக்கோ போனால் பெரும்பாலும் இருமொழிப் பிரதி கேட்பார்கள். ஸ்பானிஷ் கவிஞர் நாற்பது கவிதை எழுதினால் போதும். சபோதெக் கவிஞர் எண்பது எழுத வேண்டும். இதை யாரும் கூலி என்று கணக்கிடுவதில்லை. இந்தக் கட்டாயத்தை இரண்டாவது கவிதையாக மாற்றிக்கொண்டது பினேதாவின் சாமர்த்தியம். ஆனால் கட்டாயம் கட்டாயம்தான். ஓவியர் தொலேதோ 2011-இல் தொடங்கிவைத்த சபோதெக் இலக்கியப் பரிசுகள் வந்த பிறகு, அந்த மொழியில் எழுதுவதற்கே ஒரு மேடை கிடைத்தது. 2018-இல் வெளியான பினேதாவின் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘சூப்பா லாஜிதுவா’’: என் நெஞ்சு இரண்டு. இருமொழிக்காரர் படும் பாட்டை இதைவிட நறுக்காகச் சொல்ல முடியாது.

கவிதைக்கு வெளியே அவர் ஆசிரியர். தேசியக் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இக்ஸ்தெபெக் கிளையில் ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடையவர். பூர்வகுடி மொழி எழுத்தாளர் சங்கத்துக்குத் தலைமை வகித்திருக்கிறார். 2020 முதல் 2022 வரை ஐ.நா.வின் பூர்வகுடிகள் விவகாரத்துக்கான நிரந்தர மன்றத்தில் உறுப்பினர்.

ஆங்கிலத்தில் அவரைக் கொண்டுவந்தவர் வெண்டி கால். 2007 தொகுப்பு 2024-இல் சபோதெக், ஸ்பானிஷ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்த பதிப்பாக வந்தது. தமிழில் செய்ய விரும்புகிறவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், ஆங்கிலப் பகுதி மட்டும் வெளியான இணையப் பக்கங்களை அல்ல. கூடவே வெல்மா பிக்கெட்டும் கூட்டாளிகளும் தொகுத்த பூசந்தி சபோதெக் அகராதியும், பிக்கெட் செரில் பிளாக், விசென்தே மார்சியால் இருவரோடும் எழுதிய இலக்கணமும் வேண்டும். இரண்டும் ஸ்பானிஷில் உள்ளன.

வேலையின் வரிசை இப்படி இருந்தால் சரிவரும்: முதலில் ஸ்பானிஷிலிருந்து கச்சா வரைவு. பிறகு சபோதெக் பக்கத்தில் ‘னு’, ‘து’, ‘பே’ வரும் வினைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, வரைவிலுள்ள நாம்–நாங்கள், அவன்–அவள் அத்தனையையும் திருத்துவது. ‘பே’ வரும் இடத்தில் ‘அவர்’ போட்டால் பால் மறையும், ஆனால் இல்லாத மரியாதை ஏறும். பெயரெச்சமாக்கியோ, எழுவாயை விட்டோ எழுதினால் பாதி தப்பிக்கலாம். மூன்றாவதாக உடலுறுப்புச் சொற்களை அகராதியில் பார்த்து, உருபா உருவகமா என்று ஒவ்வோர் இடத்திலும் முடிவுசெய்வது. தீராத இடங்களைச் சேர்த்துக் கவிஞரிடமே கேட்பது. கடைசியாக, தலைப்புகளைத் தமிழ் எழுத்தில் தரும்போது வல்லினம் எல்லாம் ஒன்றாகிவிடும். ‘பே’ என்று நாம் எழுதுவதை முதல் முறை பார்ப்பவர் எப்படி வேண்டுமானாலும் உச்சரிக்கலாம். பதிப்புரிமைப் பக்கத்தில் சபோதெக் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒருமுறை முழுதாக, குறிகளோடு அச்சிட வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் மெய்ப்புத் திருத்துபவரிடம் விடாமல் மொழிபெயர்ப்பாளரே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.